அப்பாவுக்காகக் கேட்டவர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் ஒரு ஆள் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் பத்து நாள், அதற்குப் பிறகு வீட்டு முன்னறையில்தான். கட்டிலை வாசலுக்கு நேராகப் போடுவார்கள். காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் பார்க்க வருகிறவர்களுக்கு அது வசதி. செருப்பைக்கூடக் கழற்றாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "எப்பிடி உண்டு?" என்று கேட்டு, இரண்டு தடவை உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடலாம்.

எங்கள் அப்பா அப்படிக் கிடந்தது எனக்குப் பத்து வயதான வருஷம். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் மழை வரை. வீடு குன்னத்துகாலுக்குப் பக்கத்தில், ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவே. அப்பா அரசு பஸ் டிரைவர். ஒரு நாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்ப முகம் மழித்துக்கொண்டிருந்தவர், பாதி முகம் மழித்து, மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு அப்படியே சரிந்தார். கண்ணாடி உடையவில்லை. ரேசர் மட்டும் முற்றத்தில் போய் விழுந்தது. அந்தக் கண்ணாடியைப் பிறகு யாரும் எடுத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எங்கே போயிற்றோ.

"வலப்பக்கம் போயிட்டு. பேச்சும் போயிட்டு. காது கேக்கும். புத்தி எவ்வளவு மிச்சம் உண்டுன்னு இப்போ சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்தக் கடைசி வாக்கியத்தை ஊரே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அப்பாவின் முன்னால் யாரும் எதையும் மறைத்துப் பேசவில்லை. "இனி எழும்ப மாட்டாரு" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அம்மா முந்திரி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் முந்திரி உடைக்கிற தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். பத்து நாளுக்கு மேல் லீவு போட முடியவில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைத்திருந்தது. அதனால் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வீட்டில் நானும் அப்பாவும்தான். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் ஒரு தடவை வந்து, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போவாள்.

என் வேலைகள் எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல வரும். முதுகுக்குத் தைலம். கால் விரலிடுக்கில் பவுடர். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த, மூக்கு வைத்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கஞ்சித்தண்ணீர். அதைக் கொடுத்து முடித்ததும் வாயைச் சுத்தம் செய்வது. அதுதான் முக்கியம். வலது கன்னத்துக்கு உணர்ச்சி இல்லாததால் சாப்பிட்டதில் பாதி அங்கே தங்கிவிடும். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு எடுக்க வேண்டும். "இல்லன்னா மூச்சுக்குழலுல போயிரும், பாத்துக்கோ மக்கா" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

அது அயனிப்பழக் காலம். விரலளவு சுளைகளோடு சின்னப் பலாப்பழம் மாதிரி இருக்குமே, அதுதான். பிள்ளைகள் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைச் சட்டியில் வறுப்பார்கள். அந்த மணம் விளை தாண்டி எங்கள் முன்னறைக்கு வரும். முதல் வாரம், "எளா, வாறியா?" என்று வாசலில் வந்து கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் ரோட்டிலிருந்தே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு மணம் மட்டும் வந்தது.

அந்தத் தனிமையில்தான் நான் அப்பாவின் கையைப் படித்தேன். அவருக்கு மிஞ்சியிருந்தது இடது கை. ஒரு நாள், "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டபோது அந்தக் கை மெத்தையின் மேல் முன்னால் நகர்ந்தது. "கஞ்சி வேணுமா?" என்றேன். கை பின்னால் வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் எத்தனையோ தடவை அவர் பக்கத்தில், சூடான எஞ்சின் பெட்டியின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து போனவள். அது கியர் போடுகிற கை. முன்னால் தள்ளினால் போகலாம் என்று அர்த்தம். பின்னால் இழுத்தால் ரிவர்ஸ், வேண்டாம். இரண்டும் இல்லாமல் இடமும் வலமுமாக ஆட்டினால் நியூட்ரல். தெரியாது, விடு என்று அர்த்தம்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கையைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டின் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"அது நரம்பாக்கும் மக்கா. தன்னால ஆடும்னு டாக்டர் சொன்னாரு இல்லியா?"

"இல்லம்மா. கேட்டா பதில் சொல்லியாவ."

"நீ அவியளைப் போட்டுத் தொந்தரவு செய்யாத."

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி அப்பாவின் ஒரே தங்கை. என்னைக் குளிப்பாட்டி, தலைபின்னி வளர்த்தவள் அவள்தான். செங்கல் என்கிற ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவரை விரும்பினாள். அவர் இந்து, நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அப்பா அப்போது சபைக் கமிட்டியில் இருந்தார். மாமி ரெஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட அடுத்த வாரம், அவள் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து வெட்டும்படி மனு எழுதிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, அப்பாதான். கமிட்டியில் ஒருவர், "உனக்க சொந்தத் தங்கச்சியாக்கும், யோசிச்சிக்கோ" என்று சொன்னாராம். அப்பா யோசிக்கவில்லை.

அது அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வருஷம் பாட்டா இறந்தார். அவர்களுடைய அப்பா. மாமி செய்தி கேட்டு ஓடி வந்தாள். அப்பா படலைச் சாத்தி, அதன் குறுக்கே நின்றார்.

"இது வேதக்காரங்களுக்க வீடு. வந்த வழியே போ."

"எனக்க அப்பாக்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் அண்ணா."

"போன்னா போ."

மாமி போகவில்லை. ரோட்டோரம், அயனி மரத்தடியில் நின்றாள். பெட்டி அந்த வழியாகத்தானே கல்லறைக்குப் போக வேண்டும், அப்போது பார்க்கலாம் என்று நின்றிருக்கிறாள். அப்பா பெட்டி தூக்கினவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பெட்டி பின்பக்கம் திரும்பி, ரப்பர் விளைக்குள் இறங்கிப் போயிற்று. நான் பூவளையத்தைச் சுமந்துகொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தேன். மரங்களுக்கு இடையே திரும்பிப் பார்த்தபோது மாமி இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மாதம் கழித்து அப்பா விழுந்தார். ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் ஒருத்தி, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "கூடப்பெறந்தவளுக்க கண்ணீராக்கும். வேற ஒண்ணுமில்ல."

அம்மா அதைக் குடத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.  மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போதகரைப் பார்க்கப் போனாள். போதகர் கெட்ட மனுஷர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா சொன்னதை முழுதும் கேட்டார்.

"அம்மா, பாவ அறிக்கை அவனவன் வாயால செய்யணும். அதுதான் நம்ம முறை."

"அவியளுக்கு வாய் எங்க இருக்கு அய்யா?"

போதகர் பைபிளை எடுத்துப் புரட்டினார். பிறகு, கைகால் விழுந்த ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னால் இறக்கிய கதையைச் சொன்னார். அவன் வாயைத் திறக்கவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் அவனுக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ நான் சுமக்கியேன் அய்யா."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அங்கே நான்கு பேர். எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்தால் இரண்டு பேர்தானே.

பெரிய வியாழக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தார்கள். வெள்ளை அங்கியில் போதகர், திருவிருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவருக்கு உதவியாக உபதேசியார், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். அப்பாவுக்குப் புது வேட்டி கட்டி, தலையணை இரண்டு வைத்து உயர்த்தியிருந்தோம். ஒரு கீர்த்தனை பாடினார்கள். அப்பா சபைக் கோயிலில் எடுத்துப் பாடுகிற பாட்டு அது. அவர் இல்லாமல் சுருதி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். கறை படிந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இவிய கர்வத்துல செய்துட்டாவ. கூடப்பெறந்தவளைத் தள்ளினாவ. பெத்த தகப்பனுக்க முகத்தக் காட்டல்ல. இவியளுக்குப் பதிலா நான் கேக்கியேன். இவியளுக்க வாயாட்டு எனக்க வாய எடுத்துக்கோங்க."

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். போர்வைக்குள் அப்பாவின் கை பின்னால் வந்தது. மறுபடியும் பின்னால். மறுபடியும். நான் போர்வையை விலக்கினேன். எல்லோரும் பார்க்க அந்தக் கை ரிவர்ஸ், ரிவர்ஸ் என்று இழுத்துக்கொண்டே இருந்தது.

"அப்பா வேண்டாங்கியாவ" என்றேன்.

"மிண்டாத இரி பிள்ளே" என்றார் கமிட்டிக்காரர்.

"வேண்டாங்கியாவ! கையப் பாருங்க!"

உபதேசியார் என் தோளைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினார். அந்த நேரத்தில் அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. போதகர் குரலைத் தாழ்த்தி, "பாருங்க, மனம் உடைஞ்சிட்டது" என்றார். அம்மா வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். போதகர் மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்லி, சின்ன அப்பத்துண்டைத் திராட்சை ரசத்தில் தொட்டு அப்பாவின் உதடுகளுக்கு நடுவே வைத்து, விரலால் மெல்லத் தள்ளினார். வலது பக்கமாக.

பாலில்லாத கட்டன் காப்பி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அம்மா ரோடு வரை வழியனுப்பப் போனாள். நான் வழக்கம்போல விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் வாயைத் திறந்தேன்.

அப்பம் அங்கேயே இருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, ஊறி, விழுங்கப்படாமல்.

எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்ப வைக்கப் போனேன், அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். வெளியே போட்டால் காக்கை தின்னும், எறும்பு தின்னும். அது ஆண்டவருடைய சரீரம் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறேன். அம்மா திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டது. நான் அதை என் வாயில் போட்டு விழுங்கினேன். எங்கள் சபையில் திடப்படுத்தல் சடங்கு ஆகாத பிள்ளைகளுக்குத் திருவிருந்து கிடையாது. அதற்கு இன்னும் நான்கைந்து வருஷம் இருந்தது. முதலில் இனித்தது, பிறகு இருமல் மருந்து மாதிரி இருந்தது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய இடது பாதி முகம் சிரித்தது. விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. 

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. கருப்புத் துணி சுற்றிய சிலுவையைப் பார்த்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் சிலுவையில் சொன்ன முதல் வார்த்தையே, தம்மை ஆணியடித்தவர்களை மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்டதுதான் என்று பிரசங்கம் பண்ணினார்கள். கேட்டார், சரி. அந்த ஆணியடித்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்களா? அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் பிரச்சினை. அப்பாவுக்கு வந்த மன்னிப்பு இப்போது என் வயிற்றில் இருக்கிறது. அவருக்கு இனி ஒன்றுமில்லை.

சனிக்கிழமை அம்மா ஆபீசுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தேன்.

"அம்மா கேட்டது வேண்டாமாப்பா?"

பின்னால்.

"ஆண்டவர் மேல கோவமா?"

இடமும் வலமும்.

"மாமி மேல இப்பவும் கோவமா?"

பின்னால். உடனே பின்னால்.

எனக்கு மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தனை கேள்வி தெரியும்? கஞ்சி கொடுத்தேன். தைலம் போட்டேன். துணி துவைத்து உலர்த்திவிட்டு வந்தேன். கொடியில் துணியைப் போடும்போது சட்டென்று தோன்றியது.

"மாமிகிட்ட நீங்களே கேக்கணுமா?"

கை முன்னால் போயிற்று. இன்னும் முன்னால். கட்டில் விளிம்பைத் தாண்டிச் சுவரில் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை, அம்மா வேலைக்குப் போன பிறகு அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, கதவைச் சாத்தினேன். "அப்பா, நான் போயி மாமியக் கூட்டிட்டு வாறேன்." பேசக்கூட முடியாத ஒரு மனுஷரைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். பின்னாளில் நர்சாக வேலைபார்த்த எத்தனையோ வருஷங்களில் அதை நினைத்து உடம்பு பதறியிருக்கிறது. அன்றைக்குப் பதறவில்லை.

பாறசாலை போகிற பஸ்ஸில் கண்டக்டர் என்னைத் தெரிந்துகொண்டார். "சாறிண்ட மோளல்லே? எங்கோட்டா மோளே?" என்று, சாரின் மகள்தானே, எங்கே போகிறாய் என்று, மலையாளத்தில் கேட்டார். செங்கல், மாமி வீடு என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். விஷயம் டிப்போ முழுக்கத் தெரியும் போல. பாறசாலையில் இறங்கி, செங்கல் போகிற வண்டி டிரைவரிடம் என்னை ஒப்படைத்து, "வெல்டிங் பட்டறைக்கு முன்னால இறக்கிவிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. என்னைப் பார்த்ததும் கையில் சோப்போடு அப்படியே நின்றாள்.

"யாருகூட வந்த?"

"தனியாட்டு. அப்பா கூப்பிட்டாவ."

"அவருக்குப் பேச்சு இல்லன்னு கேட்டேனே."

நான் கையைக் காட்டினேன். முன்னால், பின்னால், இடம், வலம். மாமி பார்த்துக்கொண்டே இருந்தாள். "கியர் கை" என்றாள். உதடு சிரிக்கப் போய் அழுதது. பெரியவர்களில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம் மாமி. வாங்க."

"அவரு கேட்டாரா, நீ கேக்கியா?"

"அப்பாதான். அப்பாவுக்காக நான் கேக்கியேன்."

மாமி துவைகல்லில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வீட்டில் ஜெபம் வைத்ததையும் சொன்னேன். அப்பத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஒனக்க அம்மா அவருக்காக ஆண்டவர்ட்ட கேட்டா. நீ அவருக்காக என்னட்ட கேக்கிய. எனக்க அப்பாக்க பெட்டிய ரப்பர் விளைக்குள்ள திருப்பினப்போ எனக்காக யாரு கேட்டா மக்கா? அவ்வளவு பேரு நின்னீங்களே. எனக்காக ஒரு வார்த்த யாரு கேட்டா?"

பூவளையம் சுமந்தது நான்தான் என்று அவளுக்கு நினைவிருந்ததோ என்னவோ. எனக்கு இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்தார். எனக்கு எலுமிச்சைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். மாமியிடம், "ஒரு நோக்கு பாத்துட்டு வாயேன். ஆளு கெடக்கியாருல்ல" என்றார்.

"அவருக்கு நடக்க முடியாது. எனக்குத் தெரியும். எனக்கும் இப்போ முடியாது" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனாள். திரும்ப வரவில்லை. அவர்தான் என்னை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக் கையில் கொடுத்தார்.  பஸ் வந்ததும் என் தலையில் ஒரு தடவை கைவைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் படுக்கை நனைந்திருந்தது. அவர் கண் என் மேல் நிற்கவில்லை. எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்தது. யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் பஸ்ஸில் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் வாயில் வந்தது.

"மாமி வயித்துப்பிள்ளக்காரிப்பா. பஸ்ல வரக்கூடாதாம். மாமி எல்லாம் மன்னிச்சாச்சுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

அப்பா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் முகத்தை அசைக்காமல் நின்றேன். அவர் கை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மெத்தையில் அப்படியே கிடந்தது. பிறகு கண்ணை மூடித் தூங்கினார். சாயங்காலம் அம்மா வந்து, "இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்குல்லா?" என்றாள். அன்று முதல் கஞ்சியை வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கொடுத்ததைக் குடித்தார். நானும் அவரிடம் பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மழை பிடித்த முதல் வாரத்தில், ஒரு காலை நேரத்தில் இறந்தார். பள்ளிக்கூடம் திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடக்க ஆராதனையில் போதகர், இவர் தம் பாவங்களை அறிக்கை செய்து சமாதானத்தோடு போனவர் என்று சொன்னார். மாமிக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. கண்டக்டர் மூலமாக ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த நாட்களில்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்தது.

அம்மா அந்த வியாழக்கிழமையை வைத்துக்கொண்டே மீதி ஆயுளை வாழ்ந்தாள். பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வாள். "நான் கேட்டேன், அவிய அழுதாவ, ஆண்டவர் குடுத்தாரு." நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்பு அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் அப்பத்தைப் பற்றி நான் கடைசிவரை சொல்லவில்லை. அவளிடமிருந்த ஒரே செல்வத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அப்பா மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தேன். மூளையில் ரத்தம் அடைத்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், சிரிப்பும் வரும், அது நரம்பின் வேலை என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் போதகர் பார்த்த கண்ணீர் பொய். நான் பார்த்த சிரிப்பும் பொய்யாக இருக்கலாம். கையும்கூட அம்மா சொன்னதுபோல வெறும் நரம்புதானோ என்று, வார்டில் தனியாக நிற்கும்போது எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் நான் சொன்ன பொய் பொய்தான். அதில் சந்தேகம் இல்லை. ஒருவருக்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று சபைகளில் வாதாடுகிறார்கள். நான் ஒருத்திக்காக மன்னிப்பைக் கொடுத்தே விட்டேன். அவளைக் கேட்காமலே.

மாமி குடும்பம் பிறகு அம்பூரிப் பக்கம் போய் ரப்பர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் பார்ப்போம். என் தாடையைப் பிடித்து, "மெலிஞ்சிட்ட" என்பாள். நானும் ஏதாவது சொல்வேன். இரண்டு பேரும் தனியாக நிற்காமல் பார்த்துக்கொண்டோம். போன மழைக்காலத்தில் அவளுடைய வீட்டுக்காரர் இறந்தார். எனக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்த அந்த மனுஷர். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, மலை ஏறுகிற பஸ் பிடித்துப் போனேன்.

மாமிக்கு எண்பதை நெருங்குகிறது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பலாக்கொட்டை தோல் சீவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கொட்டை சீவினேன். பிறகு சொன்னேன். அப்பம் தின்றதிலிருந்து எல்லாவற்றையும். "நீங்க மன்னிச்சாச்சுன்னு அப்பாகிட்ட நான் பொய் சொன்னேன் மாமி. அவிய அத நம்பித்தான் செத்தாவளோ, நம்பாமச் செத்தாவளோ, அதுகூட எனக்குத் தெரியாது."

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நீ சொன்னது பொய்யொண்ணும் இல்ல மக்கா" என்றாள். "கொஞ்சம் முந்திச் சொல்லிட்ட. அவ்வளவுதான்."

 கொட்டைத் தோலைக் கூட்டி ஒதுக்கினேன்.

"எவ்வளவு முந்தி மாமி?"

அவள் என்னைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"நெறைய" என்றாள்.